புதுப்பிப்பு: கிளிமஞ்சாரோ, மாரங்குவா மச்சாமேயா? ஏறி இறங்கியாச்சு

பினாங்கு திரும்பி ஒரு வாரம் ஆகிறது, கால் இன்னும் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலைக்கு மாரங்கு, மச்சாமே இரண்டில் எந்தப் பாதையில் ஏறுவது என்று நான் இங்கே கேட்டதற்குப் பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

கடைசியில் மச்சாமே, அதுவும் 7 நாள். மாரங்குவில் மட்டும்தான் குடில், கட்டில் எல்லாம் உண்டு, அந்த ஆசையில் இருந்தேன். ஆனால் ஈப்போ அண்ணன் ஒருவர், "கூடாரமே போதும் தம்பி, வழியில் கரங்கா முகாமில் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்கு, உடம்பு உயரத்துக்குப் பழகும்" என்று எழுதியதுதான் கைகொடுத்தது. மூன்றாம் நாள் 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் என்ற பாறை வரை ஏறிவிட்டு, 3,900 சொச்சத்தில் உள்ள பரங்கோ முகாமுக்கு இறங்கித் தூங்குகிறோம். மேலே மண்டை பிளந்தது, சோறு இறங்கவில்லை. கீழே வந்ததும் இரண்டு தட்டு காலி. உடம்பு உயரத்துக்குப் பழகுவது இப்படித்தான் போல. 5,895 மீட்டர் உச்சியைத் தொட்டாச்சு.

எதிர்பார்க்காதது: உச்சிக்கு ஏறிய ராத்திரி தண்ணீர்ப் பையின் குழாய் உறைந்துவிட்டது. பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், தண்ணீர் மேலிருந்துதான் உறையும், வாய்ப்பக்கம் அடைக்காது.

அப்புறம் முட்டி. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியை மூட்டையோடு ஏறிப் பழகிய நான், இறங்கும்போது மூட்டையைத் தம்பியிடம் கொடுத்துவிடுவேன். கிளிமஞ்சாரோவிலிருந்து இறங்கும் ம்வேக்கா பாதையில் அதற்கு வட்டியும் முதலுமாகக் கட்டினேன். இறங்கியும் பழகுங்கள், ஊன்றுகோல் இரண்டு கட்டாயம்.