உடல் முழுதும் ஓயாத வலி: ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்குமா?

கேள்வி (திருமங்கலம்):
என் அம்மாவுக்கு வயது 52. ஐந்து மாதங்களாகக் கழுத்து, தோள், இடுப்பு, தொடை எனப் பல இடங்களில் வலிக்கிறது; எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தாலும், கோலம் போடக் குனிந்தவர் பாதியிலேயே திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். இரத்தப் பரிசோதனையில் குறையில்லை. இது ஃபைப்ரோமயால்ஜியாவா (உடல் முழுதும் நீடித்த வலியும் அசதியும் தரும் நோய்)?

பதில் 1 (மேலூர்):
எனக்கும் இப்படித்தான் தொடங்கியது. அடுப்பில் பால் வைத்ததையே மறந்துவிடுவேன். ‘ரிப்போர்ட் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று வீட்டார் சொன்னது வலியைவிடக் கொடுமை. அம்மா சொல்வதை நம்புங்கள்.

பதில் 2 (மதுரை):
மூன்று மாதங்களுக்கு மேல் பரவலான வலி, தூங்கியும் தீராத அசதி, மறதி மூன்றும் சேர்ந்திருந்தால் ஐயப்பட இடமுண்டு. இந்நோயைக் கண்டறிய, 1990ஆம் ஆண்டு மருத்துவ விதிப்படி உடலில் 18 இடங்களை அழுத்தி, 11 இடங்களிலாவது வலிக்கிறதா என்று பார்த்தார்கள். 2010இல் வந்த புதிய விதிகளில் அது கட்டாயமில்லை. தைராய்டு குறைபாட்டிலும் இதே அசதி வருமாதலால், அதையும் பரிசோதித்தார்களா?

கேள்வி கேட்டவர்:
இல்லை. நாளையே மூட்டு, தசை நோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன்.