செஞ்சிக் கோட்டைப் பக்கம் ராத்திரி டென்ட் போட்டு ஒளிந்து தங்கலாமா?

பாடி_பையன்:

வணக்கம் அண்ணன்களே, அக்காக்களே. எனக்கு 24 வயது. பாடியில் ஒரு பட்டறையில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறேன். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு, எப்போதாவது சனிக்கிழமையும் சேர்ந்து கிடைக்கும். பழைய கோட்டை, குகைக் கோயில், சமணர் படுகை (சமணத் துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய கல் படுக்கை) எங்கே இருந்தாலும் போய்ப் பார்த்துவிட வேண்டும் எனக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு மண்ணுக்குள்ளிருந்து எடுத்த சாளுவன்குப்பம் முருகன் கோயிலில் அந்தச் செங்கல் அடித்தளத்தையும் முன்னால் நிற்கிற, கல்லில் செய்த முருகனின் வேல் ஒன்றையும் பார்த்த அன்றைக்குப் பிடித்தது இது.

ஒரே நாளில் போய்த் திரும்புகிற இடங்களைப் பெரும்பாலும் பார்த்துவிட்டேன். பழவேற்காட்டு டச்சுக் கல்லறை, சதுரங்கப்பட்டினம் கோட்டை, ஆலம்பரை எல்லாம் பஸ்ஸிலேயே போய் வந்தேன். அடுத்து செஞ்சி. அங்கே ஒரு நாள் போதாது என்கிறார்கள். வீட்டுக்குக் கொடுத்தது போக மாதக் கடைசியில் என் கையில் மிஞ்சுவது இரண்டாயிரம் ரூபாய். அதில் பாதியை லாட்ஜ் ரூமுக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

ஸ்டெல்த் கேம்பிங் என்று வெளிநாட்டுக்காரர்கள் செய்வதை நிறைய வீடியோவில் பார்த்திருக்கிறேன். இருட்டின பிறகு டென்ட் போடுவது, தீ மூட்டாமல் தூங்குவது, விடிவதற்குள் பிரித்துக்கொண்டு தடம் தெரியாமல் கிளம்புவது. ஒரு ஆள் டென்ட் பச்சை நிறத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டேன். செஞ்சிக் கோட்டைக்குள்ளேயோ பக்கத்துக் குன்றிலோ இப்படித் தங்கினவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த இடம் நல்லது? விடியற்காலையில் கோட்டையில் கண் விழிக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை.

பெரம்பூர்_மெஷின்மேன்:

தம்பி, டென்ட் வாங்கியது நல்லது. ஒளிந்து தங்க மட்டும் போகாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

நான் ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவன். 47 வயது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லைத் தேடி அலைகிறேன். நீங்கள் சொல்கிற முறையை 2016 தை மாதம் அப்படியே செய்து பார்த்தேன். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சின்னக் குன்று, ஊர் பெயர் வேண்டாம். மேலே சமணர் படுகைகள் உண்டு. பொழுது சாயும்வரை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு, இருட்டின பிறகு வரப்பு வழியாகப் போய்ப் பாறைக்குப் பின்னால் டென்ட் போட்டேன். டார்ச்சை உள்ளங்கையால் மூடி, விரல் இடுக்கில் சிவப்பாகக் கசிகிற வெளிச்சத்தில்தான் கயிறு கட்டினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நம் ஊரில் வயல் ராத்திரியிலும் தூங்குவதில்லை. அன்றைக்கு மும்முனைக் கரண்ட் ராத்திரியில்தான் வந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு ஒருவர் மடை திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறார். குன்றின் மேல் சிவப்பாக ஏதோ அசைவதைப் பார்த்துவிட்டு ஊருக்குள் போன் போட்டுவிட்டார்.

பத்தரை மணிக்கு டென்டைச் சுற்றிப் பன்னிரண்டு பேர், கையில் கம்பு. முதல் கேள்வியே "எங்கடா தோண்டுன?" என்பதுதான். பையைக் கொட்டச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், போர்வை, அப்புறம் ஒரு களைக்கொட்டு. காலையில் வெளிக்குப் போனால் குழி தோண்டி மூட வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள் இல்லையா, அதற்காக வாங்கியது. புத்தம் புதுசு, பிடியில் கடைக்காரர் ஒட்டின விலைச் சீட்டுகூடக் கிழியவில்லை. அதைக் கையில் எடுத்த ஆள் பேசவே இல்லை, மற்றவர்களிடம் தூக்கிக் காட்டினார். அதற்கு முந்தின ஆடியில் அந்த ஊர் அம்மன் கோயில் பீடத்தை யாரோ ராத்திரியில் பெயர்த்துப் போட்டுப் புதையல் தேடியிருக்கிறார்கள். அந்த ஊருக்கு அது ஆறாத புண். நான் என்ன சொன்னாலும் எப்படி நம்புவார்கள்?

அடிக்கவில்லை. சாவடியில் விடியும்வரை உட்கார வைத்தார்கள். அதில் ஒரு பெரியவர் மட்டும் என் போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் பாறை, எழுத்து, படுகை. குகை வாய்க்கு மேலே பாறை விளிம்பில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள், மழைத்தண்ணீர் உள்ளே படுத்திருப்பவர் மேல் வழியாமல் வெளியே சொட்டுவதற்காக. அதைக் காட்டிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தப் பக்கச் சரிவுல இன்னொரு படுக்கை இருக்கு, பாத்தியா?" என்றார். நான் பார்த்திருக்கவில்லை. காலையில் அவரே கூட்டிப் போனார். சப்பாத்திக்கள்ளிப் புதருக்குள், தலையணை மேடு தேயாமல், இரண்டு படுகைகள். ஒளிந்து வந்து ஒளிந்து போயிருந்தால் அவை என் கண்ணில் பட்டிருக்கவே படாது.

ஸ்காட்லாந்தில் 2003-இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் திறந்த வெளியில் டென்ட் போட மக்களுக்கு உரிமையே இருக்கிறது. இங்கிலாந்தில் பெரும்பாலான இடங்களில் நிலக்காரர் அனுமதி வேண்டும். அதனால் அங்கே நிலக்காரர் கண்ணில் படாமல் தங்கிவிட்டுப் போகிறார்கள். நம்மிடம் சிக்கலே வேறு. இங்கே இடிந்த கோயில், பாழடைந்த கோட்டைப் பக்கம் ராத்திரி டார்ச்சோடு நிற்கிறவன் என்றால் புதையல் தோண்டுகிறவன், இல்லையென்றால் சிலை திருட வந்தவன். சிலைக் கடத்தலுக்கென்றே போலீசில் தனிப் பிரிவு வைத்திருக்கிற மாநிலம் இது. அந்தச் சந்தேகத்தில் தப்பே இல்லை. அந்த ஜனங்கள் அப்படி முறைத்துப் பார்ப்பதால்தான் பல சிலைகள் இன்னும் இருந்த இடத்தில் இருக்கின்றன.

அதனால் இப்போது நான் நேர் எதிராகச் செய்கிறேன். நாலு மணிக்குள் ஊருக்குள் போய்விடுவேன். டீக்கடையில் உட்கார்ந்து பெயர், ஊர், வேலை, எதற்கு வந்தேன் எல்லாம் நானே சொல்லிவிடுவேன். ஆதாரைக் கேட்பதற்கு முன்னால் எடுத்துக் காட்டுவேன். "ராத்திரி படுக்க யார்கிட்ட கேக்கணும்?" என்று கேட்டால் பூசாரியையோ ஊர்ப் பெரியவரையோ கைகாட்டுவார்கள். கோயில் மண்டபம், நெல் களம், யாராவது வீட்டு மொட்டை மாடி, ஏதாவது ஒன்று கிடைக்கும். முடியாது என்று சொல்கிற ஊரும் உண்டு. அதனால் கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். டென்டைக் களத்தில் போட்டுக்கொள்ளலாம், கொசுவுக்கு நல்லது. அடியில் விரிக்க ஃபிளெக்ஸ் கடையில் வீணான பேனர் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சும்மாவே தருவார்கள். மார்கழி, தையில் பனி இறங்கும், காலையில் டென்டின் உள்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். ஜன்னல் துணியைத் திறந்துவிட்டு, வலையை மட்டும் மூடி வைத்துப் படுங்கள். சித்திரை, வைகாசியில் போகவே வேண்டாம். வெயில் குடித்த பாறை நடுராத்திரி வரைக்கும் சுடும்.

இனி செஞ்சி. கோட்டை மத்திய தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. மூடின பிறகு உள்ளே இருந்தாலே குற்றம். 2025-இல் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது மகாராஷ்டிரத்துக்கு வெளியே எடுத்தது இந்த ஒன்றைத்தான். சுற்றியிருக்கிற குன்றுகளில் காப்புக்காடு வேறு உண்டு, அங்கே ராத்திரி நுழைந்தால் வனத்துறை வழக்குப் போடும்.

கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் ஏறிச் செஞ்சியில் இறங்குங்கள். முதல் வண்டியிலேயே போய் முதலில் கோட்டையின் உயரமான குன்றான ராஜகிரியில் ஏறிவிடுங்கள், பிற்பகலுக்கு மேல் மேலே விட மாட்டார்கள். மூன்று லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். சாப்பாட்டைத் தோளில் தொங்கவிடாதீர்கள், குரங்கு பிடுங்கும். உச்சிக்குக் கிட்டே பாறை இரண்டாகப் பிளந்து ஒரு பள்ளம் இருக்கும், அதன் மேல் சின்னப் பாலம். அங்கே ஐந்து நிமிஷம் நின்று கீழே பாருங்கள். சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, 1690-இல் வந்து முற்றுகை போட்ட மொகலாயப் படை 1698 வரை கோட்டையைப் பிடிக்க முடியாமல் கிடந்தது. அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியே இல்லை. நானும் அதைப் படித்துத்தான் இருந்தேன், அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றபோதுதான் நெஞ்சுக்குள் இறங்கியது.

விடியற்காலைக்குத் திருநாதர் குன்றுக்குப் போங்கள். செஞ்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே பாறையில் சமணர்கள் வணங்குகிற 24 தீர்த்தங்கரர்களையும் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்ட சமணத் துறவி சந்திரநந்தி ஆசிரியருக்கான கல்வெட்டும் அங்கேதான். எழுத்தை விரலால் தடவ வேண்டாம், சாக்பீஸ் கொண்டு போகவே கூடாது. அப்புறம் விழுப்புரம் ரோட்டில் மண்டகப்பட்டு. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை, இவை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் சொல்கிற கல்வெட்டு அந்தக் குகையில் இருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் நிற்கிற துவாரபாலகர்களைப் பார்த்து முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

தாம்பரம்_செவிலி:

அண்ணன் சொன்னதோடு இன்னொன்று, தம்பி. நான் ஸ்டாஃப் நர்ஸ். நானும் தங்கச்சியும் இப்படிச் சுற்றுகிறவர்கள்தான். எங்களுக்குக் களமும் மண்டபமும் சரிவராது. யாராவது அக்கா வீட்டில் கேட்டு அவர்கள் மொட்டை மாடியிலோ உள்ளறையிலோதான் படுப்போம். கேட்ட வீடுகளில் பாதிக்கு மேல் சரி என்றுதான் சொன்னார்கள்.

நான் சொல்ல வந்தது பாம்பு. இடிந்த கல் அடுக்குக்குப் பக்கத்தில் வெறும் தரையில் படுக்காதீர்கள். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுகிற பாம்பு, தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கும். கடித்தால் பல பேருக்கு வலியே தெரியாது, வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார்கள். அப்புறம் இமை தானாகக் கீழே இறங்கும், கண்ணைத் திறக்க முடியாது, பேச்சு குழறும், மூச்சு திணறும். பித்தம், வாயு என்று சோடா குடித்துவிட்டுத் தாமதமாக வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். டென்ட் ஜிப்பை முழுக்க மூடிப் படுங்கள். ஷூவையும் உள்ளே வையுங்கள். சந்தேகம் வந்தால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது எதுவும் வேண்டாம். கையைக் காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். விஷமுறிவு மருந்துக்கு அங்கே காசு கிடையாது.

ஆலம்பரை, சதுரங்கப்பட்டினம் பக்கம் கடற்கரையில் படுக்கலாம் என்று யோசித்தாலும் வேண்டாம். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம், அங்கே காவல் கடுமை. அதோடு தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிட மணலில் ஏறும். டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.

பாடி_பையன்:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. கோட்டைக்குள் தங்குகிற யோசனையை விட்டுவிட்டேன். தை கடைசி சனிக்கிழமை கிளம்பலாம் என்று இருக்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. பூண்டி பக்கம் குடியம் குகைக்கும் இப்படி ஊரில் கேட்டுவிட்டுப் போகலாமா? அப்புறம் அண்ணா, களைக்கொட்டு கொண்டு போகக் கூடாது என்றால் காலைக்கடனுக்கு என்ன செய்வது?

பெரம்பூர்_மெஷின்மேன்:

குடியம் காப்புக்காட்டுக்குள் இருக்கிறது தம்பி. ஊரில் கேட்டால் போதாது, வனத்துறை அனுமதி வேண்டும். மலையேறப் போனவர்கள் பலர் இறந்த 2018 மார்ச் குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடப்பதை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் குடியமும் இருக்கிறது, பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். போகிற வழியில் பூண்டி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள், அத்திரம்பாக்கத்தில் கிடைத்த, ஆதி மனிதர் கல்லில் செய்த கைக்கோடரி என்றால் என்ன என்று அங்கே தெரிந்துகொண்டு போனால் குகைக்குப் போகிற வழியில் கிடக்கிற கல்லையே வேறு மாதிரி பார்ப்பீர்கள். ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

காலைக்கடனுக்கு பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறை. ஊருக்குள் தங்கினால் டீக்கடைக்காரரிடம் முந்தின ராத்திரியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் களைக்கொட்டு அந்தச் சாவடிப் பெரியவர் வீட்டில்தான் இருக்கிறது, போன வருஷம் போனபோது கத்தரிச் செடிக்குக் கொத்திக்கொண்டிருந்தார்.