லிப்ஸ்டிக் பாம்: நிறம் பிடிப்பதும் மங்குவதும்

லிப்ஸ்டிக் பாம் என்ற சிவப்பு நிற அழகுப் பனையை வளர்ப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அந்தச் சிவப்பு தண்டில் இல்லை. மட்டையின் அடி தண்டைச் சுற்றி உறைபோல் கட்டியிருக்கும். அந்த உறையும் காம்பும்தான் சிவப்பு. மட்டை விழுந்த இடத்தில் தெரிவது கமுகுபோல வளையத் தழும்பு போட்ட சாதாரணத் தண்டு. ஆகவே எத்தனை மட்டை நல்ல நிலையில் நிற்கிறதோ, அவ்வளவுதான் நிறம்.

பழுக்கும் மட்டையை இழுத்துப் பிய்க்கவே கூடாது. விழும் பருவம் வந்தால் உறையில், காம்புக்கு எதிர்ப்பக்கம், மேலிருந்து கீழாக வெடிப்பு விடும்; அதன் ஓரம் பழுப்பாகும். அப்போது கை பட்டாலே கழன்று வரும். அவசரப்பட்டுப் பிய்த்தால் உள்ளே இருக்கும் வெளிறிய இளந்தோல் வெயிலில் கருகும், கிழிந்த இடத்தில் பூஞ்சை ஏறும்.

விதைக் கன்று முதல் சில ஆண்டுகள் பச்சையாகத்தான் இருக்கும். வேறு செடியைக் கொடுத்துவிட்டார்கள் என்று பிடுங்கிப் போட வேண்டாம்.

●

தண்ணீரைப் பற்றிச் சேர்க்கிறேன். இது மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ பகுதிகளின் சதுப்புக் காட்டுப் பனை. பல பனைகளின் வேர் அழுகிவிடும் ஈரத்தில் இது செழிக்கும். தொட்டியை 3 முதல் 5 செ.மீ. தண்ணீர் நிற்கும் தட்டில் வைக்கலாம். ஒருநாள் முழுக்கக் காய்ந்தாலும் இலை நுனி கருகத் தொடங்கும்.

கலவைக்குத் தென்னை நார்க் கழிவு 2 பங்கு, மக்கிய இலை உரம் 1, பருமணல் 1. நார்க் கழிவை இரண்டு மூன்று முறை அலசி உப்பை எடுத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். உப்புத் தண்ணீர் இதற்கு ஆகவே ஆகாது. மண் மேல் வெள்ளைப் படிவு கண்டால் தட்டை எடுத்துவிட்டு, மழைநீரை அடியில் வழிந்தோடும் வரை ஊற்றிக் கழுவுங்கள். கன்றுக்கு அரைநிழல், வேர் பிடித்து வளர்ந்தபின் வெயில் பட்டால்தான் சிவப்பு ஏறும். 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும் இடமென்றால் குளிரில் உள்ளே வைக்க வேண்டியிருக்கும்.

●

பக்கக் கன்று பிரிப்பதில்தான் பலருக்குச் செடி போகிறது. ஒரே நாளில் வெட்டி, பிடுங்கி, நட்டுவிடுவதே காரணம். மூன்று நான்கு இலையும் சொந்த வேரும் உள்ள கன்றாகப் பாருங்கள். தூரில் மண்ணை விலக்கி, கூரான கத்தியால் தாய்ச்செடியுடன் இணைந்த இடத்தை மட்டும் வெட்டி, பூஞ்சைக்கொல்லி தடவி, மண்ணை மூடி அங்கேயே விட்டுவிடுங்கள். 2, 3 மாதம் கழித்துப் புதுக்குருத்து தள்ளினால் மண்கட்டியோடு எடுக்கலாம். இலையைப் பாதியாக நறுக்கி, முன்பிருந்த அதே ஆழத்தில் நட்டு, நிழலில் ஈரக்காற்று குறையாமல் வையுங்கள். ஆழமாகப் புதைத்தால் வேர் மூச்சுத் திணறும்.

விதை என்றால் பழச்சதையை நீக்கிய கையோடு போட வேண்டும், காயவைத்தால் முளைப்பு போய்விடும். 28 முதல் 32 டிகிரி வெப்பத்தில்கூட முளைக்க மாதங்கள் ஆகும்.

●

இலை மஞ்சளானால் எந்த இலை என்று பாருங்கள். குருத்தில் நரம்பு பச்சையாக, இடையே மஞ்சளாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. பெரும்பாலும் காரத் தண்ணீராலோ ஆழ நடவாலோ வருவது. கீலேட் இரும்பு (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலுள்ள இரும்புச் சத்து) தெளித்தால் அடுத்த குருத்து தேறும். அடி மட்டையில் ஆரஞ்சுப் புள்ளியும் நுனிக்கருகலும் சாம்பல் சத்துக் குறைவு. அந்த மட்டையை வெட்டாதீர்கள். அதிலிருந்துதான் செடி சத்தை உறிஞ்சுகிறது, வெட்டினால் குறை அடுத்த மட்டைக்கு ஏறும். ஓரம் மட்டும் அகலமாக மஞ்சளாகி நடு பச்சையாக நின்றால் மக்னீசியம் குறைவு.

உறைக்கும் தண்டுக்கும் இடையே மாவுப்பூச்சி ஒளியும். வேப்பெண்ணெய்க் கரைசலை மேலாகத் தெளித்துப் பயனில்லை, இடுக்கில் இறங்க வேண்டும்.

●

தண்ணீர் தேக்க வசதி இல்லாதவர்கள் அரேகா வெஸ்டியேரியாவைப் பார்க்கலாம். சுலவேசி, மலுக்கு தீவுகளைச் சேர்ந்தது, பாக்கு மரத்தின் இனம், உறை பளிச்சென்ற ஆரஞ்சு. ஈரம் வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. தட்டு வைக்க வேண்டாம். அரைநிழலே போதும்.