கூட்டு நச்சா, கலவை நச்சா? மிகுதல், முறிதல், திரிதல்

வணக்கம் ஐயா, களைக்கொல்லிக் கலவைகளுக்குத் தமிழ்ச் சொல் தேடுறோமே, அதுல நீங்க எழுதினது இது:

> களைக்கொல்லிகளைக் கலந்து அடிக்கும்போது வரும் விளைவுக்குக் "கூட்டு நச்சுத்தன்மை" என்றே வைத்துக்கொள்ளலாமே

அங்கதான் எனக்கு இடிக்குது. கூட்டுன்னதும் பூசணிக்காய் கூட்டு ஞாபகம் வர்றதுகூடப் பரவால்ல, கணக்குக் கூட்டல் ஞாபகம் வருது பாருங்க, அதுதான் ஆபத்து. ஒரு மருந்து தனியா அடிச்சா நூத்துக்கு 60 களை சாகுது, இன்னொண்ணு தனியா அடிச்சா 50 சாகுது, ரெண்டையும் கலந்தா? கூட்டினா 110, இருக்கிறதே நூறுதான். மொத மருந்துல தப்பிச்ச 40ல பாதியைத்தான் ரெண்டாவது புடிக்கும், ஆக 80 எதிர்பாக்கணும். பிளிஸ்ங்கிற ஆய்வாளர் 1939ல சொன்ன கணக்கு இது, களைக்கொல்லிக்குத் தோதா 1967ல கோல்பி சின்ன வாய்ப்பாடா எழுதி வச்சார், வயல் சோதனைல இன்னைக்கும் அதைப் போடுறாங்க. 80க்கு மேல செத்தா ஒண்ணை ஒண்ணு தூக்கிவிடுது, கீழ வந்தா முறிக்குது.

ஆனா அதுக்கு முன்னாடியே 1926ல லோவேங்கிற ஆய்வாளர் வேற வழில போயிருக்கார். அவர் விளைவைத் தொடல, அளவைக் கூட்டினார். நெல்லுக்கு ஒரே பாக்கெட்ல மெட்சல்ஃபுரானும் குளோரிமுரானும் கலந்து வருதுல்ல, ரெண்டும் செடிக்குள்ள அடைக்கிறது ஒரே நொதியைத்தான். அப்போ இதுல அரை டோஸ் அதுல அரை டோஸ் போட்டா ஒரு முழு டோஸுக்குச் சமம்னுதான் எதிர்பாக்கணும். இங்க போய் கோல்பி கணக்கைப் போட்டா என்ன ஆகும்னு பாருங்க: ஒரே மருந்தையே ரெண்டு பாட்டில்ல ஊத்தி வேற வேற பேர் ஒட்டிக்குவோம். அரை டோஸுக்கு 10 சாகுது, முழு டோஸுக்கு 50 சாகுதுன்னு வைங்க. வாய்ப்பாட்டுப்படி ரெண்டு அரையும் சேர்ந்தா 19தான் வரணும், வந்ததோ 50. மருந்து தனக்குத்தானே வலு சேத்துக்குதா என்ன! அதனால இந்த ரெண்டு "எதிர்பார்ப்பு"க்கும் ஒரே சொல் வச்சா படிக்கிற பையன் குழம்பிடுவான். லோவேக்கு அளவுக்கூட்டல், பிளிஸ்க்கு தனித்தாக்கம், மொத்தத்துக்குப் பொதுவா கலவை நச்சுத்தன்மை, இது என் யோசனை.

அடுத்தது, எதிர்பார்ப்பைத் தாண்டினா என்ன சொல்றது, கீழ வந்தா என்ன சொல்றது? தாண்டுறதுக்கு (சினர்ஜி) இதே பேச்சுல அக்கா ஒருத்தங்க "ஒருங்காற்றல்"னு எழுதியிருந்தாங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா கம்பெனி மீட்டிங் வாடை அடிக்குது. கீழ வர்றதுக்கு "எதிர்வினை" வேண்டவே வேண்டாம், அது ஏற்கெனவே ரியாக்‌ஷனுக்குப் போயிடுச்சு. நான் நேரா மிகுதல், முறிதல்னு வைப்பேன். வல்லினம் மிகுமா மிகாதான்னு சின்ன வயசுலேர்ந்து அடி வாங்கினவங்கதான நாம, விஷமுறிவும் நம்ம பாட்டி சொல்லே. மக்காச்சோளத்துக்கு மெசோட்ரையோனும் அட்ரசினும் சேர்த்து அடிக்கிறாங்களே அது மிகுதல்: அட்ரசின் ஒளிச்சேர்க்கையை அடைக்குது, இலையைக் காப்பாத்துற நிறமியை உண்டாகவிடாம மெசோட்ரையோன் பாத்துக்குது. புல்லுக்கு அடிக்கிற ஃபெனாக்சாப்ராப்போட, அகல இலைக் களைக்கு அடிக்கிற 2,4-டி சேர்த்தா புல் பாதி தப்பிச்சுக்கும், அது முறிதல்.

ஆனா களைக்கு முறிஞ்சா மீனுக்கும் முறியும்னு இல்ல. கிளைஃபோசேட்ங்கிற களைக்கொல்லி கேன்ல ஒட்டும் பசை மாதிரி சேக்குற பாலிஆக்சிஎத்திலீன் அமீன் மீனுக்கும் தலைப்பிரட்டைக்கும் அந்த மருந்தைவிடக் கெடுதல். அதனால எந்த உயிருக்கு மிகுதல், எந்த உயிருக்கு முறிதல்னு சொல்லியே ஆகணும்.

இன்னொண்ணு, இது என் சொந்த அனுபவம். ஒருதடவை போர் தண்ணில 2,4-டி அமீன் உப்பைக் கலக்கினேன், உப்புத் தண்ணி எங்க ஊர்ல, பருப்பு போட்டா வேகாது அந்த மாதிரி. ஊத்திக் கிண்டினதும் வெள்ளை வெள்ளையா தயிர்த் திப்பி மாதிரி நின்னு நாசில் அடைச்சு, ஒரு குத்தூசி வச்சு அரை நாள் குத்திக்கிட்டு கெடந்தேன். பக்கத்து வயல் பெரியவர் பாத்துட்டு "மருந்து திரிஞ்சு போச்சுடா"ன்னார். இது முறிதல் இல்ல, செடிக்குள்ள எதுவும் நடக்கல, டேங்க்லயே கெட்டது. இதுக்குத் திரிதல்னே வைங்க, புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம்.

---

தம்பி, முறிதலும் திரிதலும் அப்படியே எடுத்துக்கறேன். தனித்தாக்கம் மட்டும் சரியில்ல. ஒரே ஒரு மருந்தைத் தனியா அடிச்சா வர்ற விளைவுன்னுதான் எவனும் புரிஞ்சுக்குவான். வேற பாருங்க.

---

ஆமாங்க ஐயா, அதை யோசிக்கல. நிகழ்தகவுல சார்பிலா நிகழ்ச்சிகள்னு படிச்சோமே, பிளிஸ் போட்டதும் அதே கணக்குதான. சார்பிலாத் தாக்கம்னு வச்சுக்கலாமா? நடுவுல த் மிகும், அதுக்கு நான் பொறுப்பில்ல.