சிங்கப்பூர்: வயதான அம்மா, இரண்டு பிள்ளைகளோடு தங்க இந்த மூன்றில் எது சரி?

துறையூர் பாலு

வணக்கம். வருகிற மே மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். நான், மனைவி, அம்மா, மகள் (12), மகன் (7). அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி. சமதரையில் மெதுவாக நடப்பார், படி என்றால் கஷ்டம். சுத்த சைவம். திருச்சியிலிருந்து நேர் விமானம். ஞாயிறு விடிவதற்கு முன் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, வியாழன் இரவு திரும்புகிறோம்.

அப்பா அந்தக் காலத்தில் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் இருந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் அலுத்துப் போகாமல் சுற்றிப் பார்க்க வேண்டும், அதுதான் எனக்கு முதல் கவலை. தங்குவதற்கு ஒரு நாளைக்கு மொத்தம் 230 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை ஒதுக்கியிருக்கிறேன்.

இப்போது கையில் மூன்று இடங்கள் இருக்கின்றன.

முதலாவது கேலாங்கில் ஒரு ஹோட்டல். அறைக்கு 75 வெள்ளி, இரண்டு அறை எடுத்தாலும் 150 தான். இரண்டாவது லிட்டில் இந்தியாவில், பழைய கடைவீட்டை (கீழே கடை, மேலே வீடு) புதுப்பித்து நடத்தும் ஹோட்டல். அறைக்கு 95 வெள்ளி, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கிறது. மூன்றாவது உட்லண்ட்ஸில் மூன்று படுக்கையறை உள்ள அடுக்குமாடி வீடு. ஊர்க்காரர் ஒருவர் மூலமாக வந்தது. நாளுக்கு 130 வெள்ளி, சமையலறையும் உண்டு, செம்பவாங்கும் பக்கம். முன்பணம் அனுப்பச் சொல்கிறார்கள். அம்மாவுக்குச் சமைத்துக் கொடுக்கலாம் என்பதால் மனம் இதில்தான் நிற்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கிராஞ்சி மணி

பாலு சார், மூன்றாவதை உடனே விடுங்கள். முன்பணம் அனுப்பவே வேண்டாம்.

இங்கே வீவக வீட்டை, அதாவது அரசு வீட்டு வாரியம் கட்டிய அடுக்குமாடி வீட்டை, சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். வீவக வீட்டை வாடகைக்கு விட்டால் குறைந்தது ஆறு மாதம், தனியார் அடுக்குமாடி (கொண்டோ) என்றால் குறைந்தது மூன்று மாதம். அதற்குக் குறைவாக விட்டால் வீட்டுக்காரர் மாட்டுவார். விஷயம் வெளியே வந்தால் நடு இரவில் பெட்டியோடு கீழே நிற்கப்போவது நீங்கள். கொடுத்த பணத்தையும் எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பீர்கள்? ஊர்க்காரர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அம்மாவை அழைத்து வரும் பயணத்தில் இது தேவையில்லை.

எம்ஆர்டி (நகர ரயில்) வசதிக்கு லிட்டில் இந்தியாதான் நல்லது. விமான நிலையத்திலிருந்து எக்ஸ்போவில் ஒரே ஒரு முறை மாறினால் நீலத் தடத்தில் நேராக வந்துவிடலாம்.

செல்வி, முன்னாள் வரவேற்பு மேசை

பாலு தம்பி, நான் ஜாலான் புசார் பக்கம் ஒரு நடுத்தர ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வருஷக்கணக்காக நின்றவள். ஊரிலிருந்து வரும் குடும்பங்கள் எங்கே பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள், எங்கே அதைப்போல் இரண்டு மடங்கு விடுகிறார்கள் என்று தினமும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வீவக வீடு பற்றி மணி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

கேலாங். அது மோசமான இடம் இல்லை. சாப்பாட்டுக்குப் பேர் போன பகுதி, அல்ஜுனிட் நிலையமும் பக்கம். ஆனால் அங்கே சில சந்துகளில் உரிமம் பெற்ற விபசார விடுதிகள் இருக்கின்றன, மணிக்கணக்கில் அறை விடும் ஹோட்டல்களும் உண்டு. விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். தனியாக வரும் ஆண்கள், நண்பர்கள் என்றால் நான் தடுக்கமாட்டேன். பன்னிரண்டு வயதுப் பெண்ணையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு இரவு பத்து மணிக்கு அந்தச் சந்தில் நடந்து அறைக்குத் திரும்புவது உங்களுக்கு நிம்மதியாக இருக்காது. இன்னொன்று, அங்கே கிடைப்பது பெரும்பாலும் சீனச் சாப்பாடு. அம்மாவுக்கு இட்லி வேண்டுமென்றால் காலையிலேயே ரயில் ஏற வேண்டும். ஐந்து பேர் தினமும் அப்படி அலைந்தால், அறையில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும்.

ஆக, பகுதி லிட்டில் இந்தியாதான். ஆனால் நீங்கள் சொல்லும் அந்த ஹோட்டலை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் அந்த இரண்டு கூட்டல் குறி. பத்து சதவீதம் சேவைக் கட்டணம், அந்தத் தொகையின் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. 95 வெள்ளியோடு 9.50 சேர்த்தால் 104.50. அதன்மேல் வரி போட்டால் 113.90. இரண்டு அறைக்கு 227.80. உங்கள் 230க்குள் நூலிழையில் நிற்கிறது. முன்பதிவுத் தளங்களில் சில இந்த வரியைக் கடைசிப் பக்கத்தில்தான் காட்டும். ஒரு தளத்தில் 95, இன்னொன்றில் 110 என்று பார்த்தால் 95 மலிவு என்று தோன்றும். 110 வரியோடு சேர்ந்த விலையாக இருந்தால் அதுதான் மலிவு. எந்த ஹோட்டலை ஒப்பிட்டாலும் கடைசியில் கட்டும் தொகையை வைத்து ஒப்பிடுங்கள்.

அடுத்தது கடைவீடு. சிராங்கூன் ரோட்டைச் சுற்றியுள்ள கடைவீடுகள் பார்க்க அவ்வளவு அழகு. அவற்றில் நிறைய வீடுகள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள், இஷ்டத்துக்கு இடித்துக் கட்ட முடியாது. அதனால் சிலவற்றில் மின்தூக்கி கிடையாது, குறுகலான செங்குத்துப் படிதான். சில அறைகளுக்கு ஜன்னலும் இருக்காது. படத்தில் திரைச்சீலை தொங்கும், அதற்குப் பின்னால் சுவர்தான் இருக்கும். அதனால் ஹோட்டலுக்கே நேராக மின்னஞ்சல் அனுப்பி இரண்டு கேள்வி கேளுங்கள். தெருவிலிருந்து அறை வரைக்கும் ஒரு படி கூட இல்லாமல் போக முடியுமா? இந்த வகை அறைக்கு வெளியே திறக்கும் ஜன்னல் உண்டா? பதில் வராத ஹோட்டலை அதோடு விட்டுவிடுங்கள். மின்தூக்கி இல்லையென்றால் 60 வெள்ளிக்குக் கொடுத்தாலும் அது உங்களுக்கு மலிவு இல்லை. மதியம் ஓய்வெடுக்க அம்மா அறைக்கு வரமாட்டார், படிக்குப் பயந்து வெளியிலேயே உட்கார்ந்திருப்பார். வரவேற்பறை நாற்காலியில் அப்படிச் சாய்ந்தபடி மதியத்தை ஓட்டும் எத்தனையோ பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பொறுக்காது.

மணி அண்ணன் சொன்ன எக்ஸ்போ வழி சரிதான், ஆனால் அந்த நீலத் தடம் ஊரைச் சுற்றிக்கொண்டு வரும். ஜாலான் புசாரைத் தாண்டி, சைனாடவுன், பேஃபிரன்ட், பூகிஸ் எல்லாம் போய் அப்புறம்தான் லிட்டில் இந்தியா. அதோடு ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலே ஆறு மணியை ஒட்டித்தான். சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான் ஏறலாம், நீங்கள் ஐந்து பேர். நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை டாக்சி மீட்டரில் பாதி கூடுதலும் உண்டு. அதனால் இறங்கியதும் அவசரப்படாமல் முகம் கழுவி, காபி குடித்துவிட்டு, ஆறு மணிக்கு மேல் ஆறு பேர் ஏறும் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்துக்கு வசதி என்று பார்த்து ஹோட்டல் எடுக்காதீர்கள். அது வரும்போதும் போகும்போதும் மட்டும்தான். தினமும் எங்கே போகப்போகிறீர்கள் என்று பாருங்கள். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதாத் தடமும் நீலத் தடமும் சந்திக்கின்றன. ஊதாவில் ஏறினால் செந்தோசாவுக்குப் போகும் ஹார்பர்ஃபிரன்ட் நேர். நீலத்தில் ஏறினால் கரையோரப் பூந்தோட்டத்துக்கான (கார்டன்ஸ் பை த பே) பேஃபிரன்ட் நேர், எதிர்ப்பக்கம் போனால் தாவரவியல் பூங்காவும் நேர். அம்மாவின் செம்பவாங்குக்கு நீலத்தில் ஒரே நிலையம் தள்ளி நியூட்டன், அங்கே சிவப்புத் தடத்துக்கு மாறினால் போதும். நிலையங்கள் எல்லாவற்றிலும் மின்தூக்கி உண்டு. செம்பவாங்கில் கடலோரம் ஒரு பூங்காவும் இருக்கிறது. அம்மாவை அங்கே கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. கோமள விலாஸ் 1947இலிருந்து சிராங்கூன் ரோட்டில் இருக்கிறது, சைவம். ஆனந்த பவன் அதற்கும் முந்தியது, 1924. தேக்கா சந்தை பக்கத்திலேயே. வீரமாகாளியம்மன் கோயிலும் அதே சிராங்கூன் ரோட்டில்தான், அம்மா காலையில் மெதுவாக நடந்தே போய்வரலாம். சமையலறைக்காக உட்லண்ட்ஸ் போக வேண்டிய தேவையே இல்லை, பாருங்கள்.

இப்போது என் தொழில் ரகசியம் ஒன்று. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஹோட்டல் வாசலில் நிற்பீர்கள், ஆனால் அறை கொடுப்பது மதியம் இரண்டு, மூன்று மணிக்கு. இரவெல்லாம் தூங்காத அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அத்தனை மணி நேரம் என்ன செய்வீர்கள்? இரண்டு அறையில் ஒன்றை மட்டும் சனிக்கிழமை இரவிலிருந்தே பதிவு செய்யுங்கள். மற்றது ஞாயிறிலிருந்து போதும். ஒரு அறையின் ஒரு இரவு வாடகை கூடும், ஆனால் அதைவிட நல்ல செலவு இந்தப் பயணத்தில் வேறு இருக்காது. ஒன்றை மறக்காதீர்கள். சனி இரவுக்குப் பதிந்துவிட்டு, ஞாயிறு காலை ஏழு மணிக்குத்தான் வருவோம் என்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஆள் வரவில்லை என்று கணக்கு முடித்து, அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

கோவை லதா

செல்வி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மாமியாரோடு போனபோது நாங்கள் தங்கிய இடத்தில் குளியலறை அவ்வளவு சின்னது. ஷவரும் டாய்லெட்டும் ஒரே இடத்தில், நடுவில் தடுப்பு இல்லை. ஒருவர் குளித்தால் தரை முழுக்க ஈரம், அதில் நடக்க மாமியார் பயந்தார். வாளி, குவளை கிடையாது, டாய்லெட்டில் தண்ணீர்க் குழாயும் இல்லை. விருந்தினர் கருத்துகளில் போட்டிருக்கும் குளியலறைப் படங்களைத் தேடிப் பாருங்கள், ஹோட்டல்காரர்கள் போடும் படத்தை நம்ப வேண்டாம். ரப்பர் செருப்பு ஒன்று அம்மாவுக்குக் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

அப்புறம், ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் நல்ல கூட்டம் இருக்கும். வார விடுமுறைக்கு நம் ஊர்த் தொழிலாளர்களும் வங்காளதேசத்துத் தம்பிகளும் அங்கேதான் கூடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அன்று மாலை அம்மாவைக் கடைவீதிக்கு அழைத்துப் போகாதீர்கள்.

துறையூர் பாலு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஊர்க்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைவீட்டு ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மின்தூக்கி இல்லையாம், ஆனால் கேட்டதும் உண்மையைச் சொன்னார்கள். இப்போது ரோச்சோர் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன்று கிடைத்திருக்கிறது. மின்தூக்கி உண்டு, ஜன்னல் உண்டு. வரியெல்லாம் சேர்த்து அறைக்கு 124 வெள்ளி, இரண்டுக்கு 248. பட்ஜெட்டைத் தாண்டுகிறது. மூன்று பேர் தங்கும் அறை ஒன்றை மட்டும் 150க்கு எடுத்து மகனைக் கணக்கில் காட்டாமல் சமாளிக்கலாமா என்று மனைவி கேட்கிறாள். மகள் அம்மாவோடு படுத்துக்கொள்வாள். விசா இன்னும் வரவில்லை, இப்போதே பதிவு செய்யலாமா?

செல்வி, முன்னாள் வரவேற்பு மேசை

தம்பி, அப்படிச் செய்யாதீர்கள். மேசையில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பதிவு செய்வார்கள். மூன்று பேர் அறைக்கு ஐந்து பாஸ்போர்ட் நீட்டினால் அங்கேயே இன்னொரு அறை எடுக்கச் சொல்வார்கள், அன்றைய விலையில். அது நீங்கள் இப்போது பார்க்கும் விலையாக இருக்காது. மகனையும் எண்ணிக்கையில் சேர்த்தே தேடுங்கள்.

இரண்டு அறையே எடுங்கள். நாளுக்கு 18 வெள்ளிதான் கூடுகிறது. ரோச்சோரிலிருந்து தேக்கா சில நிமிட நடை, இடையில் ரயில் செலவே இல்லை. இரண்டும் ஒரே தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். அம்மாவின் மூட்டுவலியையும் குறிப்பிடுங்கள். அறை ஒதுக்கும்போது நாங்கள் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் ஒதுக்குவோம்.

விசா வரும்வரை இலவசமாக ரத்து செய்யும் வகையில் மட்டும் பதியுங்கள், ரத்துக்குக் கடைசித் தேதியைக் குறித்து வையுங்கள். விசா கைக்கு வந்ததும் விலையை மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் புதிதாகப் பதிந்துவிட்டுப் பழையதை ரத்து செய்யலாம். உங்கள் தங்கல் பெரும்பாலும் வார நாளில் வருவது நல்லது, வெள்ளி சனி இரவுகளில்தான் விலை ஏறும். செப்டம்பர், அக்டோபரில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்கும் வாரமாக இருந்திருந்தால் உங்களுக்கு வேறு மாதிரிதான் சொல்லியிருப்பேன்.

கார்டில் கட்டும்போது ரூபாயிலா வெள்ளியிலா என்று இயந்திரம் கேட்டால் வெள்ளியையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் போட்டால் மாற்று விலையில் கூடப் பிடித்துவிடுவார்கள். சில ஹோட்டல்கள் வைப்புத்தொகையாகக் கார்டில் ஒரு தொகையை நிறுத்தி வைக்கும், அறையைக் காலி செய்த பிறகு விடுவிப்பார்கள். அது திரும்பக் கணக்கில் தெரியச் சில நாள் ஆகலாம், அதனால் அந்தக் கார்டில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

வியாழன் மதியம் அறையைக் கொடுத்த பின் பெட்டிகளை ஹோட்டலிலேயே வைத்துவிட்டுச் சுற்றலாம். அன்றைக்குத் தூரமாக எதுவும் போட்டுக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, சிங்கப்பூர் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், ஐந்து பேருக்கும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை.

செம்பவாங்குக்குத் திங்கள் காலையே போய்விடுங்கள், கடைசி நாளுக்குத் தள்ள வேண்டாம். வெயில் ஏறுவதற்குள் போனால் அம்மா நிதானமாகப் பார்ப்பார்.