சி டிரைவ்ல 118 ஜிபி காலியா இருக்கு, ஆனா விண்டோஸ் 11 அப்கிரேட் ஏற மாட்டேங்குது

அச்சுக்கடை:
வணக்கம் மக்களே. டிடிபி கடை வச்சிருக்கேன், கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் வேலை. கடை சிஸ்டம் ஐ3 8100, 8 ஜிபி ரேம், செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கம்பெனி டெஸ்க்டாப். போன வருஷம் ரொம்ப ஸ்லோவா இருக்குன்னு சொன்னதும் சர்வீஸ் தம்பி பழைய 500 ஜிபி ஹார்ட்டிஸ்க்கை அப்படியே க்ளோன் பண்ணி 256 ஜிபி எஸ்எஸ்டில போட்டுக் கொடுத்தாப்ல, அதுல இருந்து பறக்குது, குறை சொல்ல முடியாது. இப்போ விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, பேங்க் வேலையும் இதுலதான் பாக்குறேன், சரி 11க்கு மாத்திருவோம்னு உக்காந்தா செட்டப் கொஞ்ச தூரம் ஓடிட்டு "சிஸ்டம் ரிசர்வ்ட் பார்ட்டிஷனை அப்டேட் பண்ண முடியல"ன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டு நிக்குது. கோடு 0எக்ஸ்சி1900104. தேடிப் பாத்தா டிஸ்க்ல இடம் பத்தலன்னு அர்த்தமாம். சி டிரைவ்ல 118 ஜிபி காலி இருக்குங்க, இன்னும் எவ்வளவுதான் வேணுமாம்? மூணு தடவை ட்ரை பண்ணிட்டேன்.

குட்டிமணி:
அண்ணா டிஸ்க் க்ளீனப் போட்டீங்களா? அதுல "க்ளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்"னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கினாத்தான் பழைய அப்டேட் குப்பையெல்லாம் காட்டும். ஹைபர்னேட் ஆஃப் பண்ணினாலும் கொஞ்சம் ஜிபி கிடைக்கும். எனக்கு லேப்டாப்ல இப்படித்தான் சரியாச்சு.

அச்சுக்கடை:
அதெல்லாம் பண்ணிட்டேன் தம்பி. 118 இருந்தது 127 ஆச்சு. எரர் அதேதான்.

கணினிக்கிழவன்:
சி டிரைவை விட்டுத் தள்ளுங்க, பிரச்சனை அங்க இல்ல. அந்த மெசேஜ்லயே பதில் இருக்கு, சிஸ்டம் ரிசர்வ்ட்னு சொல்றது வேற பார்ட்டிஷன் (அதே டிஸ்க்ல தனியா பிரிச்சு வச்ச பகுதி), டிரைவ் லெட்டர் இல்லாம ஒளிஞ்சிருக்கும். யுஇஎஃப்ஐ (கம்ப்யூட்டரைத் துவக்குற புது முறை) சிஸ்டத்துல அதுக்குப் பேரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், பெரும்பாலும் 100 எம்பிதான் இருக்கும், கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸை எழுப்புற ஃபைல் எல்லாம் அதுக்குள்ளதான். 11 ஏறும்போது அதுலயும் புது ஃபைல் எழுதணும், அதுக்கு ஒரு 15 எம்பியாவது காலியா இருக்கணும். உங்க சி டிரைவ் கல்யாண மண்டபம் மாதிரி காலியா கிடந்தாலும் வாசப்படியில செருப்பு குமிஞ்சு கிடந்தா யாரும் உள்ள வர முடியாதுல்ல, அந்தக் கதைதான். க்ளோன் பண்ணினதால டிஸ்க் புதுசு, ஆனா அந்த 100 எம்பியும் அதுக்குள்ள இருந்த பழைய குப்பையும் அப்படியே வந்திருக்கும்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் அது 100 எம்பியான்னு மட்டும் பாருங்க. அங்க "100% ஃப்ரீ"ன்னு காட்டும், நம்பாதீங்க, ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு அது எப்பவும் அப்படித்தான் பொய் சொல்லும்.

அச்சுக்கடை:
ஆமா சார் 100 எம்பின்னுதான் இருக்கு, 100% ஃப்ரீன்னும் காட்டுது! நெட்ல ஒருத்தர் "ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அழிச்சிட்டா சரியாயிரும்"னு எழுதியிருக்கார். சார் நான் டிடிபி கடைக்காரன், பாமினில இருந்து ஆரம்பிச்சு பதினஞ்சு வருஷமா சேத்து வச்ச தமிழ் ஃபான்ட்டு எல்லாம் இதுலதான் இருக்கு, படிச்சதும் நெஞ்சு பக்குன்னு ஆயிருச்சு.

கணினிக்கிழவன்:
ஹாஹா பயப்படாதீங்க, அது உங்க ஃபான்ட் இல்ல. சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபான்ட்ஸ் வேற, அதைத் தொடவே கூடாது. ஈஎஃப்ஐக்குள்ள ஒரு குட்டி ஃபான்ட்ஸ் ஃபோல்டர் இருக்கு, பூட் ஆகும்போது வர்ற மெனுவுல எழுத்து காட்டுறதுக்கு. அதை அழிக்கிறது மைக்ரோசாஃப்டே சொல்ற வழிதான்.

ஆனா முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாப்போம். பத்திரிகை ஃபைல் எல்லாத்தையும் வெளி ஹார்ட்டிஸ்க்ல ஒரு காப்பி எடுங்க, பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா சஸ்பெண்ட் பண்ணுங்க. அப்புறம் கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து "மவுன்ட்வால் ஒய்: /எஸ்" (இங்கிலீஷ்ல அடிங்க, நான் இங்க தமிழ்ல எழுதுறேன்), இது அந்த ஒளிஞ்ச ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஒய்னு ஒரு லெட்டர் கொடுக்கும். அடுத்து "ஒய்:"னு மட்டும் அடிச்சு என்டர். இப்போ ப்ராம்ப்ட் ஒய்னு மாறிச்சான்னு கண்ணால பாருங்க, இது ரொம்ப முக்கியம், ஏன்னா அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட் திறக்கிறதே சி டிரைவ்ல சிஸ்டம்32க்குள்ளதான், ஒய்க்கு மாறாம அங்க நின்னுக்கிட்டு டெலீட் கமாண்ட் அடிச்சீங்கன்னா உங்க கடைக்கு ஒரு வாரம் லீவுதான். மாறியிருந்தா "டிஐஆர்" அடிங்க, கடைசி வரியில எத்தனை பைட்ஸ் ஃப்ரீன்னு வரும், அதுதான் நெசமான கணக்கு. ஈஎஃப்ஐ ஃபோல்டருக்குள்ள என்னென்ன பேர்ல ஃபோல்டர் இருக்குன்னும் சொல்லுங்க.

வேம்பு77:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், பார்ட்டிஷன் டூல் போட்டு 100ஐ 300 ஆக்கிட்டா ஒரே வேலையில முடிஞ்சிருமே?

கணினிக்கிழவன்:
ஆக்கலாம், ஆனா சி டிரைவை ஷ்ரிங்க் பண்ணி சுருக்கினா காலி இடம் சி டிரைவுக்குப் பின்னாடி வரும், ஈஎஃப்ஐயோ சி டிரைவுக்கு முன்னாடி உக்காந்திருக்கு. நடுவுல விண்டோஸ் தனக்குன்னு ஒதுக்கி வச்ச, கண்ணுக்குத் தெரியாத 16 எம்பி எம்எஸ்ஆர் பார்ட்டிஷன் ஒண்ணு வேற. அப்போ சி டிரைவ் மொத்தத்தையும் பின்னாடி நகத்தணும், நடுவுல கரண்ட் போனா கதை முடிஞ்சுது. யுபிஎஸ் பேட்டரி மேல நம்பிக்கை இருக்கிறவங்க செய்யட்டும், நான் செய்ய மாட்டேன். 2024 ஜனவரியில விண்டோஸ் 10க்கு ஒரு அப்டேட் வந்துச்சே ஞாபகம் இருக்கா, ரெகவரி பார்ட்டிஷன்ல (விண்டோஸ் கெட்டா ரிப்பேர் பண்றதுக்கான பகுதி) 250 எம்பி காலி இல்லாதவங்களுக்கெல்லாம் எரர் அடிச்சுது? அப்போ இப்படி டூல் போட்டு இழுத்துட்டு பூட் ஆகாம வந்து நின்னவங்கள நானே பாத்திருக்கேன்.

அச்சுக்கடை:
சார் பாத்துட்டேன். காலி இடம் 4 எம்பி கூட இல்ல! உள்ள மைக்ரோசாஃப்ட், பூட்னு ரெண்டு, அப்புறம் டெஸ்க்டாப் கம்பெனி பேர்ல ஒண்ணு, அதுல பயாஸ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள .பின் (bin) ஃபைல் மூணு, மொத்தம் 38 எம்பி. உபுண்டுன்னு கூட ஒண்ணு இருக்கு, நான் உபுண்டு போட்டதே இல்ல, பழைய ஓனர் வேலை போல.

கணினிக்கிழவன்:
மாட்டிக்கிச்சு. அந்த .பின் ஃபைல் பயாஸ் (மதர்போர்டுலயே இருக்கிற துவக்க சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணும்போது கம்பெனி சாஃப்ட்வேர் எடுத்து வச்ச பேக்கப். உடனே அழிக்காதீங்க, பென்டிரைவ்ல காப்பி பண்ணிட்டு அப்புறம் அழிங்க. எக்ஸ்ப்ளோரர்ல திறந்தா பர்மிஷன் இல்லம்பான், அதனால அந்தக் கறுப்பு விண்டோலயே காப்பி பண்ணுங்க. உபுண்டு ஃபோல்டரும் வேண்டாம். மைக்ரோசாஃப்ட், பூட் ரெண்டையும் தொடாதீங்க. ஃபான்ட்ஸ் வரைக்கும் போக வேண்டிய அவசியமே இல்ல. முடிச்சதும் "மவுன்ட்வால் ஒய்: /டி" அடிச்சு லெட்டரை எடுத்துருங்க.

அச்சுக்கடை:
ரெண்டு நாள் கழிச்சு வர்றேன், முகூர்த்த வேலை. இப்போ 40 எம்பிக்கு மேல காலி ஆச்சு, நேத்து ராத்திரி கடை சாத்துறப்போ போட்டு விட்டேன், காலையில வந்து பாத்தா விண்டோஸ் 11 நிக்குது! கோரல் ட்ரா திறக்குது, ஃபான்ட் எல்லாம் பத்திரமா இருக்கு. ரொம்ப நன்றி சார். இப்போ சி டிரைவ்ல விண்டோஸ்.ஓல்டுன்னு ஒண்ணு பெருசா உக்காந்திருக்கே, அதை அழிச்சிரவா?

கணினிக்கிழவன்:
அவசரப்படாதீங்க. பத்து நாளைக்குள்ள 10க்கே திரும்பிப் போகணும்னா அதுதான் வழி, அப்புறம் அதுவே தானா போயிரும். அதுக்குள்ள பிரிண்டர், ஸ்கேனர், பேஜ்மேக்கர் எல்லாம் ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்கோங்க, முக்கியமா அந்தப் பழைய பிரிண்டர்.