அமைதியான நாளிலும் காந்தப்புலம் ஒரே மாதிரி இல்லை, உதவுங்கள்

காட்பாடியில் வீட்டுத் தோட்டத்தில் ஆர்எம்3100 காந்தப்புல சென்சரை ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் இணைத்து மூன்று மாதமாகப் பூமியின் காந்தப்புலம் அளக்கிறேன். புவிகாந்தக் கொந்தளிப்பைக் காட்டும் கேபி எண் 1-ஐத் தாண்டாத அடுத்தடுத்த அமைதியான நாட்களிலேயே கிடைப்புலத்தின் (காந்தப்புலத்தின் கிடைமட்டக் கூறு) நண்பகல் ஏற்றம் ஒரு நாள் 55 நானோடெஸ்லா, மறுநாள் 30. உச்ச நேரமும் 11 மணிக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவே நகர்கிறது.

வேலூர் வெயிலுக்குப் பயந்து சென்சரை இரண்டடி ஆழத்தில் புதைத்தேன். குழிக்குள் வெப்பநிலை அரை டிகிரிகூட மாறவில்லை. பைக், தண்ணீர் மோட்டாரிலிருந்து 20 மீட்டர் தள்ளி வைத்தேன். பவர்பேங்கிலும் ஓட்டிப் பார்த்தேன். மாற்றம் அப்படியேதான் இருக்கிறது.

சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் அயனிமண்டல மின்னோட்டம், கீழிருந்து எழும் வளிமண்டல அலைகளால் நாளுக்கு நாள் மாறும் என்பது தெரியும். தெற்கே திருநெல்வேலிப் பக்கம் நிலநடுக்கோட்டு மின்தாரை (காந்த நடுக்கோட்டை ஒட்டி ஓடும் வலுவான அயனிமண்டல மின்னோட்டம்) வேறு.

சென்சர் பிழையைப் பிரித்தறிய, என் பதிவை ஹைதராபாத் ஆய்வகத் தரவோடு ஒப்பிடுவதா, திருநெல்வேலித் தரவோடா?